கடல் அட்டைக் குஞ்சுக்கும் புலிக்கும் ஒரே சட்டமா?

புலி, யானை, கடல் அட்டை. இந்த மூன்றுக்கும் என்ன ஒற்றுமை? கல்லூரி வினாடி வினாவில் கேட்டால் பாதி அரங்கம் முழிக்கும். விடை சுலபம்தான். மூன்றுமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ஒரு புலியைக் கொன்றவருக்கும் ஒரு கூடை கடல் அட்டையைப் பிடித்தவருக்கும் சட்டம் சொல்லும் தண்டனை ஒன்றே: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் தனி.

கடல் அட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடலிலிருந்து திருடிய அட்டைக்கும், தொட்டியில் முட்டையிலிருந்து பொரித்து வளர்த்த அட்டைக் குஞ்சுக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்காமல் இருப்பது சரியா? இந்தக் கட்டுரை கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். கதை தொடங்குவது தூத்துக்குடியில். ஆனால் முழு விடை வேண்டுமென்றால் யாழ்ப்பாணம், வடநெம்மேலி, பழவேற்காடு என்று ஒரு சுற்று சுற்றித்தான் வர வேண்டும். கொஞ்சம் நீளமான பயணம், பொறுமையாக வாருங்கள் :-)

யார் இந்தக் கடல் அட்டை?

பெயரில்தான் அட்டை. காலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் உறவே கிடையாது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்தான் இதன் சொந்தக்காரர்கள். பார்ப்பதற்கு ஒரு கொழுத்த வெள்ளரிக்காய் கடலடி மணலில் கிடப்பது போல இருக்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பல வகைகள் உண்டு. அவற்றில் சந்தையில் ராஜா, மீனவர்கள் 'வெள்ளை அட்டை' என்று சொல்லும் வகை. அறிவியல் பெயர் ஹோலோதூரியா ஸ்காப்ரா.

இதன் வேலை மணலைத் தின்பது. மணலோடு சேர்ந்து வரும் அழுகிய இலை தழை, நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் செரித்துவிட்டு, மணலைச் சுத்தமாக வெளியே தள்ளிவிடும். பகலில் மணலுக்குள் புதைவதும் பிறகு வெளியே வருவதுமாக, வயலில் மண்புழு செய்யும் உழவை இது கடலடியில் செய்கிறது. கடற்புல் வளரும் இடங்களுக்கு இந்த உழவு மிகவும் தேவை. அந்தக் கடற்புல்லை நம்பித்தான் ஆவுளியா என்கிற கடற்பசு இருக்கிறது. பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. அந்தப் பாதுகாப்பகத்தின் தோட்டக்காரன் யார் என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத இந்த அட்டைதான்.

தமிழ்நாட்டில் யாரும் இதைச் சாப்பிடுவதில்லை. பிடித்ததெல்லாம் சீனர்களின் விருந்துக்குத்தான். குடலை எடுத்து, வேகவைத்து, மணலில் புதைத்து மேல்தோலின் சுண்ணாம்பைப் போக்கி, மறுபடி வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு அனுப்புவார்கள். காய்ந்த பிறகு எடை பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால்தான் விலை அப்படி எகிறுகிறது. ஹாங்காங் கடைகளில் நல்ல வெள்ளை அட்டை கிலோ நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறது. உள்ளூரில் ருசியும் தெரியாது, தேவையும் கிடையாது. வெளிநாட்டில் மட்டும் கொள்ளை விலை. பொருளாதாரப் பாடத்தில் இப்படி ஒரு சரக்கைக் கொடுத்து "என்ன நடக்கும்?" என்று கேட்டால் முதலாண்டு மாணவன்கூடப் பதில் எழுதிவிடுவான். கடலில் இருப்பதையெல்லாம் வழித்து எடுத்துவிடுவார்கள்.

அதுதான் நடந்தது.

தடை வந்த கதை

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் முக்குளித்தும் தள்ளுமடி இழுத்தும் அட்டை பிடித்தார்கள். பெரிய அட்டை தீர்ந்ததும் சின்ன அட்டை கரைக்கு வந்தது. 1982-இல் மத்திய அரசு விழித்துக்கொண்டு, பதப்படுத்திய அட்டை 7.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது என்றது. ஆனால் அட்டை காய்ந்தால் பாதிக்கும் கீழே சுருங்கும். அளவு சரியா தப்பா என்பது வேகவைத்துக் காயவைத்த பிறகுதான் தெரியும்! கடலில் கையில் எடுக்கும்போது தடுக்க வேண்டியதை, துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து தடுக்கப் பார்த்தார்கள்.

2001-இல் அடுத்த கட்டம். கடல் அட்டை இனங்கள் அத்தனையும் முதல் அட்டவணைக்குள் போயின. ஒரே நாளில் ஒரு தொழில் குற்றமாக மாறியது.

தடை தேவையில்லை என்று சொல்ல முடியாது. அட்டையின் இனப்பெருக்கம் விசித்திரமானது. ஆணும் பெண்ணும் அருகில் வருவதில்லை. தண்ணீரிலேயே விந்தையும் முட்டையையும் விட்டுவிடும். இரண்டும் சந்திக்க வேண்டுமென்றால் அட்டைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு பரப்பில் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், மிச்சம் இருப்பவை உயிரோடு இருந்தும் வாரிசு இல்லாமல் போய்விடும். வெள்ளை அட்டை உலக அளவில் அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் 2013-இல் சேர்க்கப்பட்டது. ஆகவே, 'தடையை அப்படியே தூக்கிவிடு, பழையபடி பிடிக்கலாம்' என்று கேட்பவர்கள் கேட்பது, மிச்சம் இருப்பதையும் முடித்துவிடத்தான்.

ஆனால் இதே காரணத்தில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்துபோன இடத்தில் 'தொடாதே' என்று சொல்வது மட்டும் போதாமல் போகலாம். முட்டையும் விந்தும் சந்திக்காத இடத்தில் எத்தனை ஆண்டு காவல் காத்தாலும் குஞ்சு வந்துவிடாது. அங்கே வெளியிலிருந்து குஞ்சு கொண்டுபோய் விட வேண்டும். அந்தக் குஞ்சுக்கு எங்கே போவது?

தூத்துக்குடித் தொட்டி

இங்கேதான் தமிழ்நாடு மார்தட்டிக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி. வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது உலகிலேயே முதல்முறையாக தூத்துக்குடியில்தான். ஆண்டு 1988. செய்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம். டி.பி.ஜேம்ஸ் என்ற விஞ்ஞானி இந்தப் பணியின் முன்னோடி. அந்த நுட்பத்தை அடியிலிருந்து நுனிவரை விளக்கும் கையேட்டையும் அந்நிறுவனம் 1994-இல் வெளியிட்டது.

எப்படிச் செய்கிறார்கள்? தாய் அட்டைகள் இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை 3 முதல் 5 டிகிரி வரை உயர்த்துகிறார்கள். அந்த அதிர்ச்சியில் ஆண் முதலில் விந்தை விட, அதைத் தொடர்ந்து பெண் லட்சக்கணக்கில் முட்டைகளை விடுகிறது. ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் நீந்த ஆரம்பிக்கும். அவற்றுக்கு நுண்பாசியைத் தனியாக வளர்த்து ஊட்ட வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று உருமாற்றங்களைத் தாண்டி, நீந்துவதை விட்டுவிட்டு எதிலாவது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். கடலில் என்றால் கடற்புல் இலைதான் அதன் தொட்டில். தொட்டியில் பாசி படிந்த தகடுகளை வைத்துக் கொடுக்கிறார்கள்.

உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான். ஒட்டிய குஞ்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இதை ஒரு சென்டிமீட்டருக்கு வளர்த்து, பிறகு மணலில் புதையப் பழக்கி, விரல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் நாற்றங்கால் கட்டம். கோப்பிபோடு என்னும் பூச்சி போன்ற நுண்ணுயிர் தொட்டிக்குள் புகுந்தால் குஞ்சின் உணவைத் தின்பதோடு குஞ்சையும் காயப்படுத்தும். தண்ணீர் கெட்டாலும் போச்சு, மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலும் போச்சு. முட்டையில் தொடங்கி இந்தக் கட்டத்தைத் தாண்டுவது நூற்றுக்குச் சில மட்டுமே. அவசரப்பட்டு சின்னக் குஞ்சைக் கடலில் விட்டால் மீனும் நண்டும் ஒரே நாளில் விருந்து வைத்துவிடும். நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ அப்படி. விதையை நேரே வயலில் வீசினால் பாதி குருவிக்குத்தான்.

1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா, வியட்நாம், சாலமன் தீவுகள், மடகாஸ்கர் என்று பல நாடுகள் வெள்ளை அட்டைக் குஞ்சு உற்பத்தியில் இறங்கின. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் மீனவக் குடும்பங்கள் ஏறக்குறைய 15 கிராம் எடையுள்ள குஞ்சுகளை வாங்கி, கடலில் வலைப்பட்டி அடைத்து, ஏறத்தாழ ஓராண்டு வளர்த்து விற்கின்றன. முதலில் பொரித்துக் காட்டிய தூத்துக்குடியைச் சுற்றியுள்ள மீனவக் குடும்பங்களோ 2001-க்குப் பிறகு அட்டையைத் தொட்டாலே வழக்கு என்று ஒதுங்கி நிற்கின்றன.

சட்டம் குஞ்சை எப்படிப் பார்க்கிறது?

"தொட்டியில் பிறந்தது காட்டு விலங்கு இல்லையே, அதை வளர்க்க என்ன தடை?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் அந்தக் கதவையும் சாத்தியிருக்கிறது. அட்டவணையில் உள்ள ஒரு விலங்கு பிடிக்கப்பட்டதாக இருந்தாலும், அடைப்பில் பிறந்து வளர்ந்ததாக இருந்தாலும், அது 'அடைப்பு விலங்கு' என்றே சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. புலிக்கு இது அவசியம். இல்லாவிட்டால் புலிப்பண்ணை வைத்துத் தோல் விற்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் புலிக்காகத் தைத்த சட்டையை லட்சக்கணக்கில் முட்டையிடும் அட்டைக்கும் மாட்டிவிட்டார்கள்.

ஆராய்ச்சி நிறுவனம் அனுமதி பெற்று ஆராயலாம். ஒரு மீனவப் பெண்கள் குழு தொட்டி கட்டிக் குஞ்சு வளர்க்க முடியாது. 2022-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, அட்டவணைகளையெல்லாம் மாற்றி அமைத்தார்கள். அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் அட்டை முதல் அட்டவணையிலேயே இருந்தது. முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தபட்ச அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக ஏறியது. வளர்ப்புக் குஞ்சுக்குத் தனி வழி பிறக்கவில்லை.

இதற்கிடையில் கடத்தல் நின்றதா? ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் அட்டை பிடிபட்ட செய்தி வராத ஆண்டே இல்லை. காரணம் பூகோளத்திலேயே இருக்கிறது. இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படியான தொழில். படகில் சில மணி நேரத் தூரத்தில் குற்றச் சரக்கு நல்ல சரக்காக மாறிவிடும். தடையால் வரத்து குறைந்தது, விலை ஏறியது, கடத்துபவனின் லாபம் கூடியது. வலையில் தற்செயலாக அட்டை சிக்கிய சாதாரண மீனவருக்குத்தான் பயம்.

அக்கரையும் பச்சை இல்லை

அப்படியானால் இலங்கையைப் பார்த்துக் காப்பியடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அங்கே நடப்பதையும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் அட்டைப் பண்ணைகள் வேகமாகப் பெருகின. கிளிநொச்சி மாவட்டம் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள ஒரு பண்ணைக்கு எதிராக 2021-இல் உள்ளூர் மீனவர்கள் குரல் எழுப்பினார்கள். 2022-இல் 5,000 ஏக்கர் அளவில் பெரிய அட்டை வளர்ப்புத் திட்டத்துக்கு இலங்கை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பட்டி போட்டவர்களுக்கு வருமானம் வந்தது உண்மை. ஆனால் களங்கட்டி மீன் பிடிப்பவர்களும், கரையோரம் இறால் பிடிப்பவர்களும் கேட்ட கேள்வியும் உண்மை. மீன் வந்துபோகும் வழியில் வேலி அடைத்தால் எங்கள் கதி என்ன? எல்லோருக்கும் பொதுவாக இருந்த கடல், பணம் போட்டவருக்குப் பட்டா போட்ட மாதிரி ஆகிவிடாதா?

மடகாஸ்கரில் இன்னொரு தலைவலி: திருட்டு. ஓராண்டு வளர்த்த அட்டையை ஓரிரவில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இரவுக் காவல் இல்லாமல் அங்கே பண்ணை கிடையாது. ஆக, குஞ்சு பொரிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கடலடியில் அசையாமல் கிடக்கும் ஒரு சொத்து யாருடையது என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பழவேற்காடு சொல்லும் பாடம்

இந்த 'யாருடையது' என்ற கேள்விக்குப் பல தலைமுறையாகப் பதில் தேடிய ஓர் ஊர்க்கூட்டம் சென்னைக்கு வடக்கே இருக்கிறது. பழவேற்காடு ஏரி மீனவக் கிராமங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழவேற்காட்டில் வெள்ளை அட்டை வளர்க்க முடியாது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்து ஏரியின் உப்பு இறங்கிவிடும். கோடையில் உப்பு ஏறிவிடும். இப்படி ஏறி இறங்கும் தண்ணீர் அட்டைக்கு எமன். அங்கே கற்க வேண்டியது அட்டையை அல்ல, 'பாடு' முறையை.

ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் குறைவு. வலை கட்ட வருபவர்கள் அதிகம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் போன்ற ஊர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, இடங்களைப் பாடுகளாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பது. இன்று உனக்கு நல்ல இடம் என்றால் நாளை எனக்கு. இடம் யாருக்கும் நிரந்தரச் சொந்தம் இல்லை. ஆனால் முறை வரும் நாளில் அவருக்கு மட்டுமே உரிமை. இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் இதே போலச் சீட்டு முறை உண்டு. பணம் உள்ளவன் நல்ல இடத்தை மொத்தமாக வளைத்துப் போடுவதை எந்த அரசாணையும் இல்லாமல் தடுத்த ஏற்பாடு இது.

பாடு முறையை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. பரம்பரையாகப் பாட்டு உரிமை உள்ள சமூகத்து ஆண்கள்தான் அதற்குள் வர முடியும். பின்னால் மீன்பிடிக்கு வந்தவர்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், பெண்கள் எல்லோரும் வெளியே. இதனால் பூசல்களும் நடந்திருக்கின்றன. பாடு முறையிலிருந்து சுழற்சியை எடுத்துக்கொள்ள வேண்டும், பிறப்பை வைத்துக் கதவடைப்பதை விட்டுவிட வேண்டும்.

அதே ஏரிக்கரையில் இன்னொரு பாடமும் உண்டு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவா மீனை அடைப்பில் முட்டையிட வைத்தது. பிறகு பழவேற்காட்டுக் குடும்பங்களோடும் கொடுவா, நண்டு வளர்ப்பில் வேலை செய்திருக்கிறது. இதில் கொடுவாக் குஞ்சைச் சின்ன வலைப்பைகளில் வைத்து விரல் அளவுக்கு வளர்த்து விற்பதே தனித் தொழில். வணிகவியல் மாணவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பெரிய மீனாக வளர்த்து விற்க மாதக்கணக்கில் முதல் முடங்கும். நாற்றங்கால் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் சில மாதத்திலேயே பணம் திரும்பிவிடும். கையில் முதல் இல்லாதவர்களுக்கு எது பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

'விதிவிலக்கு கொடுத்தால் சட்டமே போச்சு' என்பவர்களுக்கு

வனத்துறையும் சூழலியலாளர்களும் வைக்கும் எதிர்வாதம் வலுவானது. வளர்ப்பு அட்டை விற்கலாம் என்று ஒரு சந்து திறந்தால், கடலில் பிடித்ததையும் 'பண்ணை அட்டை' என்று முத்திரை குத்தி அதே சந்து வழியாக அனுப்பிவிடுவார்கள். காய்ந்து கறுத்த பிறகு எது எதென்று யார் கண்டார்கள்? இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது.

ஆனால் இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் இருளர்கள். 1972 சட்டமும், 1976-இல் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பை முடித்தன. அப்போது 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து, விஷம் எடுத்துவிட்டு, சில வாரத்தில் மறுபடி விட்டுவிடுகிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதியே தீர்மானிக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கு நாட்டில் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்க அனுமதி தரலாம் என்று அதே வனவிலங்குச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே சொல்கிறது.

பாம்பைக் கொல்வதில்லை, அட்டையைக் கொன்றுதான் விற்க முடியும். இந்த வித்தியாசம் முக்கியம்தான். ஆனால் பாம்பு பிடிபடுவது காட்டிலிருந்து. அட்டைக் குஞ்சு வருவது தொட்டியிலிருந்து. பத்துத் தாய் அட்டைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குஞ்சு எடுக்கலாம். கடலிலிருந்து எடுத்ததைவிடக் கடலுக்குத் திருப்பிக் கொடுப்பது அதிகம் என்று கணக்கு காட்ட முடியும்.

திருட்டு முத்திரைக்கும் வழி இருக்கிறது. அட்டையின் தோலில் சுண்ணாம்பு நுண்துகள்கள் உண்டு. நாற்றங்கால் தொட்டியில் இருக்கும்போதே ஒளிரும் சாயத்தில் குஞ்சை ஊறவைத்தால் அந்தத் துகள்களில் அடையாளம் பதிந்துவிடும். பின்னாளில் ஒரு துளி தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தொட்டியில் பிறந்ததா என்று சொல்லிவிடலாம். கடலில் விட்ட குஞ்சுகளைப் பின்தொடர ஆராய்ச்சியாளர்கள் கையாண்ட முறை இது. இதோடு சாதாரணக் கணக்குப்பிள்ளை வேலையும் சேர வேண்டும். ஒரு குழு எத்தனை குஞ்சு வாங்கியது, எத்தனை செத்தது, எத்தனை விற்றது என்ற பேரேடு. ஆயிரம் குஞ்சு வாங்கியவர் ஆயிரத்து இருநூறு அட்டை விற்றால் உரிமம் ரத்து. மற்ற தொழில்களுக்குச் சரக்கிருப்புத் தணிக்கை செய்யத் தெரிந்த நாட்டுக்கு இது பெரிய வித்தையா என்ன?

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில், கடலில் அட்டை பிடிக்கும் தடை அப்படியே இருக்கட்டும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளைச் சுற்றி எந்தப் பண்ணையும் வேண்டாம்.

இரண்டாவது, முதல் சில ஆண்டுகளுக்கு வளரும் குஞ்சுகள் அத்தனையும் கடலுக்கே போகட்டும். விற்பனை என்ற பேச்சே வேண்டாம். மீனவக் குழுக்கள் நாற்றங்கால் தொட்டிகளை நடத்தட்டும். விரல் அளவுக்கு வளர்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் அரசு கூலி கொடுக்கட்டும். இது புதிய யோசனையும் இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பச்சை வரி இறால் குஞ்சுகளைப் பொரித்துப் பாக் நீரிணையில் விட்டு வருகிறது. இறாலுக்குச் செய்வதை அட்டைக்கும் செய்யலாம். மண்டபம் பக்கத்துப் பெண்கள் சுய உதவிக் குழுக்களாகக் கடற்பாசி வளர்த்துப் பழகியவர்கள். தொட்டி கரையில்தான் இருக்கும் என்பதால் யாருடைய வலைக்கும் குறுக்கே வராது.

மூன்றாவது, கடலில் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்று ஆய்வு சொன்ன பிறகே பட்டி வளர்ப்பு. அதையும் தனி முதலாளிக்கோ கம்பெனிக்கோ கொடுக்காமல் கிராமக் கூட்டுறவுக்குக் கொடுக்க வேண்டும். பட்டி இடங்கள் பழவேற்காட்டுப் பாடு போலச் சுழற்சியில் வர வேண்டும். அந்தச் சீட்டில் பெண்கள் பெயரும், ஊரில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் பெயரும் இருக்க வேண்டும். மீன் வழியில் வேலி கூடாது. ஏற்றுமதி ஒரே அரசு வாசல் வழியாக.

நான்காவதாக, இதற்கெல்லாம் சட்டத்தில் சின்னதாக ஒரு வரி வேண்டும். பாம்பு விஷத்துக்கு எழுதியதைப் போல, அங்கீகரித்த தொட்டியில் பிறந்து அடையாளமிட்ட கடல் அட்டைக் குஞ்சுக்கு ஒரு வரி.

இதில் ஏதாவது ஒரு படி தோற்றால் அடுத்த படிக்குப் போகாமல் நிறுத்திவிடலாம். இரண்டாவது படியோடு நின்றாலும் நஷ்டம் இல்லை. கடலுக்குக் குஞ்சு போயிருக்கும், சில நூறு குடும்பங்களுக்குக் கூலி கிடைத்திருக்கும்.

2001-இல் தடை போட்டபோது அழிவை நிறுத்துவதுதான் அவசரம். அந்த அவசரத்தில் குஞ்சையும் சேர்த்து அடைத்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கடல் காலியாகிறது என்று பயந்து பூட்டுப் போட்டவர்கள், அதை நிரப்பும் வித்தையையும் அதே பூட்டுக்குள் வைத்துவிட்டார்கள். பூட்டு இருக்கட்டும். தூத்துக்குடித் தொட்டியில் 1988-இல் பொரித்த அந்த வித்தைக்கு மட்டும் சாவியைக் கொடுத்தால் போதும். அதைக் கையில் வாங்கக் காத்திருப்பவர்கள் கடத்தல்காரர்கள் அல்ல, தொட்டி கழுவவும் பாசி ஊட்டவும் தயாராக இருக்கும் கரையோரக் குடும்பங்கள்.